நடுக்கடலில் ஒரு கம்மல் விளம்பரம்

ஏலே இசக்கி, காயல்பட்டினத்தில் ஒரு கல்யாணத்துக்கு வரப்போகிற பெண்கள் அத்தனை பேருக்கும் நம்ம சிப்பிக்கடைக் கம்மல் வேண்டுமாம், ஆர்டர் உறுதியாகிவிட்டது, உங்க அப்பா பலசரக்குக் கடையை அப்படியே போட்டுவிட்டு நடுத்தெருவில் நின்று சிரிக்கிறார், உனக்குப் புண்ணியமாகப் போகும், பேஜை மட்டும் மூடிவிடாதே.

இப்போது மூச்சு விட்டுக்கொள்கிறேன். இதைத் தனியாக உனக்கு அனுப்பாமல் ஊர் பார்க்கப் போட்டிருக்கிறேனே என்று கோபப்படாதே. தனியாக அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கில் நிற்கிறது. உன் கப்பல் தூத்துக்குடியை விட்டுக் கிளம்பிய அன்றிலிருந்து உனக்கு சிக்னல் இல்லை. சிக்னல் கிடைத்தாலும் அம்மா நீளமாக எழுதினால் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாதா? கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவாய். ஆனால் அடுத்த துறைமுகத்தில் சிக்னல் வந்ததும் நீ முதலில் திறக்கப்போவது இந்தப் பேஜைத்தான், அதுவும் மூடுவதற்காக. மூட வருகிறவன் கண்ணில் படவேண்டும் என்றால் கதவில்தானே ஒட்டவேண்டும். அதனால் கதவில் ஒட்டுகிறேன். வாசலோடு போகிறவர்களும் படித்தால் படிக்கட்டும். அவர்களுக்காக ஒரு வரி சொல்லிவிடுகிறேன்: இசக்கிராஜா என் ஒரே மகன், நிலக்கரி ஏற்றும் கப்பலில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறான், பேஜில் கம்மல் விற்கும் இந்தச் சிப்பிக்கடை அவன் ஆரம்பித்தது, அவன் கடலில் இருக்கும்போது பார்த்துக்கொள்வது நான்.

கப்பல் படிப்பை முடித்துவிட்டு, எந்தக் கம்பெனியும் கூப்பிடாமல் நீ வீட்டில் இருந்த அந்த மாதங்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். மற்றப் பிள்ளைகள் என்றால் படுத்துக் கிடந்திருக்கும். நீ திருச்செந்தூர் போய் ஒரு பை நிறையச் சிப்பி வாங்கி வந்தாய். ஓட்டை போடும் சின்ன மெஷினை நீயே வீடியோ பார்த்துப் பொருத்தினாய். சமையலறை மேடையில் சிப்பித்தூள் பறந்து, அன்றைக்கு வைத்த ரசத்தில் கடற்கரையே கரைந்து கிடந்தது. பிறகு முத்து வந்தது, வெள்ளிக் கொக்கி வந்தது. நீ கோத்த முதல் ஜோடியை என் காதில் போட்டுப் பார்த்துவிட்டு, "தலைய ஆட்டும்மா, இன்னும் ஆட்டு, கழுத்துல இடிக்கா?" என்று கேட்டாய். கம்மல் அழகாக இருக்கிறதா என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். இடிக்கிறதா என்று கேட்ட முதல் ஆள் நீதான். அன்றைக்கே நான் உன் கடைக்கு ரசிகையாகிவிட்டேன். அம்மா என்பதால் இல்லை. உண்மையிலேயே இடிக்கவில்லை.

உன் மாமா அப்போது வந்து நின்றது ஞாபகம் இருக்கிறதா? கையில் டீ டம்ளரோடு உன்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஏல, ஆம்பளப் பய உக்காந்து கம்மல் கோக்க. ஊருக்குள்ள என்ன சொல்லுவாங்க?" என்றான். எனக்கு வந்தது பார். "ஏன்டா, கோயில்ல உன் மடியில வச்சுத்தான இவனுக்குக் காது குத்துனோம்? அப்ப கம்மல் ஆம்பளைக்கு ஆகுமா?" என்று கேட்டேன். டீயை ஒரே மடக்காகக் குடித்துவிட்டு நடையைக் கட்டினான். அந்தக் காதுகுத்தையும் சொல்லவேண்டும். ஊசி போகும்போது நீ அழவே இல்லை. தட்டில் இருந்த இன்னொரு கடுக்கனை எடுத்துத் திருகாணியைக் கழற்றிக் கழற்றி மாட்டினாய். ஆசாரி, "இவன் எனக்குப் போட்டியா வருவான் போலிருக்கே" என்று சிரித்தார். எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் அவர் அப்படித்தான் சொல்லியிருப்பார் என்று அப்போது நினைத்தேன்.

மாமா அதோடு விட்டானா? பேஜில் நீ எழுதியிருந்ததைப் படித்துவிட்டுத் திரும்ப வந்தான். "வளர்ப்பு முத்து, ஹைதராபாத்தில் வாங்கியது, தூத்துக்குடியில் கோத்தது" என்று நீ எழுதியிருந்தாய். "முத்துநகர்ல இருந்துக்கிட்டு ஹைதராபாத் முத்துன்னு எழுதுதியே, கிறுக்கால உனக்கு? நம்ம கடல்ல எடுத்ததுன்னு போடு. எவன் வந்து முங்கிப் பாக்கப் போறான்?" என்றான். நீ கையில் இருந்த கம்பியை வளைத்துக்கொண்டே, "யாரும் முங்கிப் பாக்க மாட்டாங்க மாமா. ஆனா நான் தெனமும் பேஜப் பாக்கணும்லா" என்றாய். நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இன்றைக்கு வரைக்கும் எந்த விளம்பரம் போட்டாலும் அந்த ஹைதராபாத்தை நான் எடுக்கவில்லை. முத்துக்குளித்த ஊர்க்காரர்களே வேறு ஊர் முத்து என்று சொல்லி விற்கிறார்களே என்று சிலர் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டு வாங்குகிறார்கள்.

கப்பலில் இருந்து அழைப்பு வந்ததும் நீ பழைய போனை என் கையில் கொடுத்தாய். "யாராவது கேட்டா பதில் சொல்லும்மா. டிரங்குப் பெட்டில இருக்கது வித்துத் தீர்ந்தா போதும்" என்றாய். போதுமா? எனக்கு எப்படிப் போதும்? நீ ஏறிய மறுநாளே நான் விளம்பரப் பாடம் படிக்க ஆரம்பித்தேன். முதலில் ஆங்கிலத்தில் ஒருவன், பிறகு இந்தியில் ஒருத்தி, கடைசியில் மதுரைப் பக்கத்துப் பையன் ஒருவன் கிடைத்தான். அவன் "வணக்கம் சொந்தங்களே" என்று ஆரம்பித்தான் என்றால் குக்கர் விசில் கூட எனக்குக் கேட்காது. யார் பார்க்கவேண்டும், எந்த ஊரில் இருக்கிறவர்கள், என்ன வயது, எதில் ஆசை உள்ளவர்கள் என்று எல்லாவற்றையும் நாமே தேர்ந்தெடுக்கலாம் என்று தெரிந்த அன்று நான் சோறே சாப்பிடவில்லை. உங்க அப்பாவிடம் சொன்னேன். பலசரக்குக் கடையில் இத்தனை வருஷம் உட்கார்ந்தவருக்கு நம்பிக்கை வரவில்லை. "யாரு கடைக்கு வரணும்னு நாமளே சொல்லலாமா? அப்ப கடன் கேக்கவங்கள வரவேண்டாம்னு சொல்ல முடியுமா?" என்று கேட்டார்.

முதல் விளம்பரத்துக்கு நான் எடுத்த போட்டோவைப் பற்றிக் கேள். வெள்ளை முத்துக்குக் கறுப்பாக ஒரு பின்னணி வேண்டும். வீட்டில் கறுப்பாக என்ன இருக்கிறது? அப்பா கடையில் உடன்குடிக் கருப்பட்டி வந்து இறங்கியிருந்தது. அதில் நல்ல வட்டமாக ஒன்றை எடுத்து வந்து ஜன்னலோரம் வைத்து, அதன் மேல் கம்மலைச் சாய்த்து, சாயங்கால வெயிலில் எடுத்தேன். நகைக்கடைக்காரன் தோற்றான், அப்படி ஒரு படம். போட்ட கொஞ்ச நேரத்தில் கமெண்ட் வந்து கொட்டியது. ஆசையாகத் திறந்தேன். "கிலோ என்ன வெல?" "உடன்குடிதானா, இல்ல சீனி கலந்ததா?" "சுக்கு போட்டது கிடைக்குமா அண்ணாச்சி?" இன்னொரு அம்மா மட்டும் கொஞ்சம் கவலையாகக் கேட்டிருந்தார்: "கருப்பட்டி மேல வெள்ளையா உருண்டையா ஏதோ இருக்கே, பூசணம் பிடிச்சிருக்கா?"

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். அப்பா போனை வாங்கி ஒவ்வொருவருக்கும் பொறுமையாக விலை சொல்லிப் பதில் எழுதினார். அன்றைக்குக் கருப்பட்டி நல்ல விற்பனை. கம்மல் ஒன்று கூடப் போகவில்லை. "ஏளா, உன் விளம்பரம் அருமையா வேல செய்யுது. கடைக்கு வாரவன்லாம் உன் பேஜப் பாத்தேன்னு சொல்லுதான்" என்று அவர் என்னைப் பாராட்டினார். இதை நான் உனக்குச் சொல்லவில்லை. சொன்னால் நீ அந்தப் படத்தை எடுக்கச் சொல்லுவாய் என்று பயம். எடுக்காமல் விட்டது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று கடைசியில் சொல்கிறேன்.

இரண்டாவது விளம்பரம்தான் விஷயம். அந்தச் சமயத்தில் உன் கப்பல் நிலக்கரியோடு வந்து நம்ம துறைமுகத்துக்கு வெளியே நின்றது. உள்ளே இடம் கிடைக்கும்வரை கடலிலேயே நங்கூரம். கப்பல் எங்கே நிற்கிறது என்று காட்டும் ஆப் ஒன்று என் போனில் இருக்கிறது, உனக்குத் தெரியும். நீ ஒரு சின்னப் பச்சை அம்பு. பல் விளக்கும்போது பார்ப்பேன், பஸ்ஸில் பார்ப்பேன், காய் நறுக்கும்போது பார்ப்பேன். கடற்கரைச் சாலையில் போய் நின்றால் வரிசையாகக் கப்பல்கள் நிற்கும். அதில் எது நீ என்று எனக்கும் அப்பாவுக்கும் சண்டை வரும். அவர் சிவப்பு என்பார், நான் அதற்குப் பக்கத்தில் நிற்கும் நீலம் என்பேன். வீட்டிலிருந்து இவ்வளவு கிட்டத்தில் நின்றும் உன்னால் இறங்க முடியவில்லை. உள்ளே வந்து சரக்கு இறக்கிய நாட்களிலும் உனக்கு அனுமதி கிடைக்கவில்லை. "டூட்டிம்மா" என்று ஒரு வரியோடு சரி.

அப்படி நீ வெளியே நின்றபோதுதான், கம்மலைக் கம்மலாகத் தெரிகிற மாதிரி காட்டவேண்டும் என்று, நீ எடுத்துவைத்திருந்த பழைய வீடியோ ஒன்றைப் பெட்டியில் கிடந்த மெமரி கார்டிலிருந்து தேடி எடுத்தேன். சிப்பிக் கம்மலை உன் காதுப் பக்கம் பிடித்துக்கொண்டு, கண்ணாடி பார்த்துத் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுவாயே, அது. யாருக்கும் காட்ட எடுத்தது இல்லை, இடிக்கிறதா என்று நீ சோதித்துப் பார்க்க எடுத்தது. அதைவிட நல்ல விளம்பரம் உலகத்தில் இல்லை என்று எனக்குத் தோன்றியது. கேட்டிருக்கவேண்டும், கேட்கவில்லை. "தூத்துக்குடிப் பையன் கோத்தது, தலையை ஆட்டினாலும் இடிக்காது" என்று எழுதினேன். அடுத்ததாக மேப் வந்தது. நம் ஊரைத் தொட்டால் அதைச் சுற்றி ஒரு வட்டம் விழும், அந்த வட்டத்துக்குள் இருக்கிறவர்கள் போனில் விளம்பரம் ஓடும். நான் ஊரைத் தொட்டதாகத்தான் நினைத்தேன். ஆனால் அந்த நாட்களில் எந்த மேப்பைத் திறந்தாலும் என் விரல் போகிற இடம் ஒன்றே ஒன்றுதான். அது தானாக அங்கே போயிருக்கிறது.

இரண்டு நாள் கழித்துக் கணக்கைத் திறந்தால், பார்த்தவர்களில் முக்கால்வாசி ஆண்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேப்பைப் பெரிதாக்கினார். வட்டத்தின் ஓரம் மட்டும் துறைமுகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. மிச்சம் எல்லாம் நீலம்.

"ஏளா, நீ வட்டத்தக் கொண்டு கடல்லலா போட்டிருக்க. மீனா வந்து கம்மல் வாங்கும்?"

"மீனு வாங்காது. கப்பல்ல ஆளு இருக்காங்கல்லா?" என்று வீம்புக்குச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எந்தக் கப்பல், எந்த ஆள் என்று எனக்கே உறைத்தது. உடனே நிறுத்தினேன். ஆனால் நங்கூரம் போட்டு, வேலை குறைந்து, கரை சிக்னலில் போனைத் தடவிக்கொண்டு இருந்த உங்கள் ஆட்கள் அதற்குள் பார்க்கவேண்டியதைப் பார்த்துவிட்டார்கள்.

உன் கப்பல் கிளம்பிய அன்று உன்னிடமிருந்து வந்த கடைசி மெசேஜ் இப்போதும் என் போனில் இருக்கிறது. "அம்மா, ஊர்க்காரன் எவனோ என் வீடியோவக் கப்பல்ல காட்டிட்டான். எல்லாரும் என்னக் கம்மல்னு கூப்பிடுதாங்க. மைக்ல கூப்பிட்டாலும் கம்மல்தான். அடுத்த போர்ட்ல சிக்னல் வந்ததும் பேஜ மூடிருதேன். நீ மனசுல ஒண்ணும் வச்சுக்காத." நான் பதில் எழுதுவதற்குள் ஒற்றை டிக் ஆகிவிட்டது. ஊர்க்காரன் எவனும் இல்லைடா. நான்தான். எந்த மாமா மகனையும் சந்தேகப்படாதே, எவனிடமும் போய்ச் சண்டை பிடிக்காதே. உன்னையே பார்த்துக்கொண்டிருந்த விரல் பண்ணிய வேலை அது.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். அந்தக் கடல் விளம்பரத்தைப் பார்த்தவர்களிடமிருந்து ஆர்டர் வந்திருந்தது. ஒன்று மணப்பாட்டு விலாசத்துக்கு, ஒன்று கேரளத்துக்கு, ஒன்று வடக்கே ரத்னகிரியில் ஏதோ ஒரு கிராமத்துக்கு. நம் விளம்பரம் இந்தியா முழுக்கப் போய்விட்டது என்று நான் குதித்தேன். பார்சல் கட்டும்போதுதான் கவனித்தேன், பணம் போட்ட ஆட்கள் எல்லாரும் குறிப்பில் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள்: கப்பலில் இருக்கிறேன், வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ஒருவர் கப்பல் பேரையே எழுதியிருந்தார். உன் கப்பல்.

அதில் ஒருவர் எனக்குப் போனே பண்ணினார், கரை சிக்னல் அவர் போனில் மட்டும் மிச்சம் இருந்த கடைசி நேரத்தில். யார் என்று சொல்லமாட்டேன், சத்தியம் வாங்கியிருக்கிறார். "அக்கா, ரெண்டு பொம்பளப் பிள்ளையளுக்கும் ஒரே மாதிரி அனுப்புங்க. இல்லன்னா வீட்டுல யுத்தம்தான். அப்பறம் ஒரு விஷயம், உங்க மவன்ட்ட சொல்லிராதிய" என்றார்.

"ஏன் சொல்லக்கூடாது?"

"நான்தான் மொதல்ல அவனக் கம்மல்னு கூப்பிட்டது. இப்ப நானே கம்மல் கேட்டேன்னு தெரிஞ்சா எம் மதிப்பு என்னத்துக்கு ஆகும்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்லாருக்கே உங்க நியாயம். கம்மலும் வேணும், கேலியும் பண்ணணுமோ? பிள்ள மனசு ஒடிஞ்சு கடையவே மூடப்போறேன்னு சொல்லுதான்" என்றேன்.

பின்னால் கப்பல் எஞ்சின் இரைந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னார்: "அய்யோ, அவன் அப்படியா எடுத்துக்கிட்டான்? அக்கா, இங்கன யாருக்கும் சொந்தப் பேரு கெடையாது. புதுசா வாரவன ஏ பையா, ஏ தம்பின்னுதான் கூப்பிடுவோம். பேரு வச்சாச்சுன்னா அவன் எங்க ஆளுன்னு அர்த்தம். சில பேருக்குப் பேரே கெடைக்காது, வந்த மாதிரியே எறங்கிப் போயிருவான். எனக்கு வச்ச பேரக் கேட்டா நீங்க சிரிப்பிய."

கேட்டேன். சொன்னார். சிரித்தேன், இசக்கி. அடக்கவே முடியவில்லை. சொன்னால் ஆள் யார் என்று உனக்குத் தெரிந்துவிடும், அதனால் சொல்லமாட்டேன். ஆனால் அது தின்கிற சாமான். கம்மலைவிட ரொம்ப மோசம். அந்தப் பேரோடு அந்த மனுஷன் இத்தனை வருஷமாகக் கடலில் கம்பீரமாக நடமாடுகிறார் என்றால், உனக்கு என்ன குறைச்சல்? உனக்கு வைத்திருப்பது முத்து வைத்த பேரு.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த அப்பா கடைப் போர்டைக் கை காட்டினார். "கருப்பட்டிக்கடை" என்று எழுதியிருக்கிறதே, அது அவர் யோசித்து வைத்த பேர் என்றுதானே நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய்? நானும் கல்யாணம் ஆகி வந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன். அவர் உடன்குடியிலிருந்து சாக்கு மூட்டையோடு பஸ் ஏறி இந்த மார்க்கெட்டுக்கு வந்தபோது, பழைய கடைக்காரர்கள் "ஏ கருப்பட்டி, இங்கன வா", "ஏ கருப்பட்டி, ஓரமா நில்லு" என்றுதான் கூப்பிடுவார்களாம். ஒரு நாள் பெயிண்டரைக் கூட்டிவந்து அதையே போர்டில் எழுதச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு கேலி பண்ணினவர்கள் எல்லாம் அவருக்கு இலவசமாக விளம்பரம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்குக் கருப்பட்டி அண்ணாச்சி என்றால்தான் பேங்கில் கூட ஆள் தெரிகிறது. அப்பாவுக்கு விளம்பரம் தெரியாது என்று நான் இத்தனை நாள் அவரைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தேன் பார்.

இப்போது காயல்பட்டினத்துக்கு வருகிறேன். என் கருப்பட்டிப் படத்தைப் பார்த்து எல்லாரும் கருப்பட்டி கேட்டார்கள் இல்லையா, ஒரே ஒரு அம்மா மட்டும் இரண்டையும் கேட்டார். "கருப்பட்டியும் கம்மலும் ஒண்ணா இருந்துச்சே, அப்படியே சேத்துத் தருவியளா? மவ கல்யாணத்துக்கு வர்ற பொம்பளையளுக்குக் குடுக்கணும்" என்று குரல் மெசேஜ். ஒரு சின்ன ஓலைப்பெட்டி, உள்ளே உள்ளங்கை அளவு கருப்பட்டி, அதன் மேல் ஒரு ஜோடி முத்துக் கம்மல். நான் தப்பாக எடுத்த போட்டோவை அவர் சரியாகப் படித்துவிட்டார். சாம்பிளைச் செய்து எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் போனேன். அந்தத் தெருக்களில் எனக்கு வழி தெரியுமா? இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போகவேண்டும். நான்தான் ஒவ்வொரு தடவையும் பின்னால் போனேன்.

வீட்டுக்குள் போனால் ஒரு கூட்டமே பெண்கள். மருமகள்கள் துபாயிலிருந்தும் தம்மாமிலிருந்தும் வீடியோவில். போனைக் கை மாற்றிக் கை மாற்றிப் பெட்டியைக் காட்டினார்கள். கல்யாணப் பெண் ஒரு கம்மலை எடுத்துக் காதில் வைத்து, முதல் வேலையாகத் தலையை ஆட்டிப் பார்த்தாள், இசக்கி. நான் சொல்லவே இல்லை. "உம்மா, இடிக்கல" என்றாள். அந்த அம்மா, "இது யாரு கோத்தது?" என்று கேட்டார். என் மகன், கப்பலில் இருக்கிறான் என்றேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. "எங்க வீட்டு ஆம்பளையளும் கடல் தாண்டித்தான் இருக்காங்க. ஆனா ஒருத்தனுக்காவது ஒரு ஊக்கு மாட்டத் தெரியாது. உங்க மவன நல்லா வளத்திருக்கிய" என்றார். எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். வீடியோவில் இருந்த மருமகள் ஒருத்தி, "மாமி, அவங்க மவன இங்க அனுப்பி உங்க மவனுக்கு ஒரு வாரம் பாடம் எடுக்கச் சொல்லுங்க" என்றாள்.

கிளம்பும்போதுதான் அந்த அம்மா கேட்டார். "பேஜ் எப்பவும் இருக்கும்லா? எங்க பிள்ளைய எல்லாம் வெளிநாட்டுல. அதப் பாத்துத்தான் எந்த நெறம், எந்த மாதிரின்னு அவங்கவங்க சொல்லுவாங்க. பேஜ் இல்லன்னா நான் யாரப் போய் கேப்பேன்?"

"இருக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. கடை உன்னுடையது, திறக்கவும் மூடவும் உனக்குத்தான் உரிமை. ஆனாலும் வாய் சொல்லிவிட்டது. இப்போது அந்த வீட்டுப் பெண்கள் இந்தப் பேஜில் வந்து எனக்கு வெள்ளை, எனக்கு ரோஸ் என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நீ ஒரு பொத்தானை அமுக்கினால் எல்லாம் போய்விடும். நான் அவர்கள் முகத்தில் எப்படி முழிப்பேன் என்பதுகூட இரண்டாவதுதான். அந்தக் கல்யாணப் பெண் தலையை ஆட்டியதை நீ பார்த்திருக்கவேண்டும். அதுதான் எனக்கு முதலாவது.

கப்பல் வேலையை விட்டுவிட்டு வா என்று நான் சொல்லவில்லை. நன்றாக வேலை செய், வேளைக்குச் சாப்பிடு, ஏணியில் ஏறும்போது போனைப் பார்க்காதே. காயல்பட்டினத்துக் கல்யாணம் நீ இறங்கி வந்த பிறகுதான். அதுவரை நீ பதிவு பண்ணி வைத்த வீடியோவைப் பார்த்து நான் கோத்துக்கொண்டிருக்கிறேன். அப்பாவும் கடை அடைத்ததும் வந்து உட்காருகிறார். அவர் கோப்பது கொஞ்சம் கோணல்தான், அவரிடம் சொல்லிவிடாதே. கடைசி முடிச்சு மட்டும் நீ போடுகிற மாதிரி எங்கள் இரண்டு பேருக்கும் வரவில்லை. அதை அப்படியே விட்டுவைக்கிறோம், வந்து போடு. கப்பல்காரன் கம்மல் கோக்கக்கூடாது என்று எந்தக் கம்பெனி சட்டத்திலும் இல்லை, நான் தேடிப் பார்த்துவிட்டேன். இன்னொன்று: உன்னைக் கேலி பண்ணுகிறவர்களை ஒரேயடியாக ஒதுக்கிவிடாதே. அதில் சில பேர் ஆர்டர் கொடுக்க வெட்கப்படுகிறவர்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.

அந்த வீடியோவை நான் எடுத்துவிட்டேன். நீ போடு என்றால்தான் திரும்பப் போடுவேன். உன் முகம் உன்னுடையது.

பச்சை அம்பு இப்போது மேலே போய்க்கொண்டிருக்கிறது. அடுத்தது விசாகப்பட்டினம் என்று ஆப் காட்டுகிறது. அதனால் இன்று ஒரு காரியம் செய்கிறேன். இந்தக் கடிதத்தையே விளம்பரமாகப் போடுகிறேன். மேப்பைத் திறந்து, விசாகப்பட்டினம் துறைமுகத்துக்கு வெளியே, கப்பல்கள் நங்கூரம் போட்டு நிற்கும் இடத்தில், இந்தத் தடவை தெரிந்தே வட்டத்தைக் கடலில் வைக்கிறேன். ஆண்கள், தமிழ் தெரிந்தவர்கள். அப்பா பக்கத்தில் நின்று பார்க்கிறார். "இன்னும் கொஞ்சம் தள்ளி வையி, கப்பல் அங்கனதான் நிக்கும்" என்கிறார். இப்போது அவருக்கும் பாடம் பிடிபட்டுவிட்டது.

ஆகவே அந்த வட்டத்துக்குள் இருக்கிற தம்பிகளே, அண்ணாச்சிகளே, இதைப் படிப்பது யாராக இருந்தாலும் பக்கத்துக் கப்பல் ஆட்களுக்கு அனுப்புங்கள். எங்களிடம் கம்மல் வாங்கி வீட்டுக்கு அனுப்பியவர்கள் வெட்கப்படாமல் கீழே ஒரு வரி எழுதுங்கள், உங்கள் பிள்ளைகள் தலையை ஆட்டிப் பார்த்தார்களா, இடித்ததா என்று. காயல்பட்டினத்து மருமகள்களே, நிறத்தைச் சீக்கிரம் சொல்லுங்கள். உங்களில் யார் கண்ணிலாவது ஒல்லியாக, இரண்டு காதிலும் குத்திய தழும்போடு, போனைக் கையில் வைத்துக்கொண்டு எதையோ அமுக்கலாமா வேண்டாமா என்று நிற்கிற ஒரு தூத்துக்குடிப் பையன் பட்டால், இதை அவனிடம் காட்டுங்கள். இசக்கி என்று கூப்பிட்டால் எஞ்சின் சத்தத்தில் காதில் விழாது. கம்மல் என்று கூப்பிடுங்கள். திரும்பிப் பார்ப்பான்.